பத்தமடையிலிருந்து பாபநாசம்: திரை அணையும் புதுக் காரில் ஒரு ஞாயிறு

புது எலக்ட்ரிக் காரை நம்பிக் குடும்பத்தோடு அம்பை, பாபநாசம் பக்கம் போய்வரலாமா என்று போன பதிவுக்குக் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் நான் போன மாதிரி போகாதீர்கள். எப்படிப் போனேன் என்பதை ஒளிவு மறைவில்லாமல் எழுதிவிடுகிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போனது ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலையில் சாரல், கீழே வெயிலும் காற்றும். சுற்றிப் பார்க்கும் ஆசையில் கிளம்பிய பயணம் இல்லை இது. காரைச் சோதிக்கப் போனேன். அதற்குக் காரணம் என் உம்மா.

உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருடம் ஆகிறது. திங்களும் வியாழனும் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ். பத்தமடை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் போய் வந்தால் உம்மா வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிடுவாள். வாடகைக் கார்க்காரர்களோ "இந்தா வந்துட்டேன்" என்பார்கள், வர மாட்டார்கள். சவூதியில் வேலை பார்க்கும் என் கணவர் இரண்டு மாத லீவில் வந்தபோது இந்தக் காரை வாங்கினார். (அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.) சத்தம் இல்லை, குலுங்கல் இல்லை, உம்மாவுக்கு ஏற்றது என்றார். லீவு முடிந்து அவர் போன பிறகு ஓட்டப்போவது நான். அதற்காகவே நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தேன்.

கார் வந்து இரண்டாவது வாரமே தன் குணத்தைக் காட்டியது. வண்ணார்பேட்டை பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் இருக்கும் பெரிய திரை பொசுக்கென்று அணைந்தது. வேகம் தெரியவில்லை, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை, ஏசியைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. வண்டி மட்டும் ஓடியது. இரண்டு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி திரை திரும்பி வந்தது. அடுத்த நாள் பின்பக்கக் கேமரா வெறும் நீலத்தைக் காட்டியது. அதற்கடுத்த நாள் வீட்டு வாசலில் பூட்டி நிறுத்திய வண்டியின் கதவுகள் தாமாகத் திறந்தன, மூடின, திறந்தன. எதிர்வீட்டுப் பெண் என்னிடம் வந்து, "ஓதிப் பாத்தியளா?" என்று கேட்டாள்.

ஓதிப் பார்ப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரைப் பார்த்தோம். மச்சான்தான் கொண்டுபோனார். ஒரு நாள் வைத்திருந்து, சாஃப்ட்வேரைப் புதுப்பித்துவிட்டோம் என்று திருப்பித் தந்தார்கள். மூன்றே நாளில் திரை மறுபடி அணைந்தது. மறுபடி கொண்டுபோனார். மறுபடி அதே சாஃப்ட்வேர். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் போனில் பேசிய பையன் எதையோ விழுங்கிவிட்டுப் பேசினான் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. "முன்னாடி ஏதாவது வச்சிருந்தீங்களா மேடம்?" என்று ஆரம்பித்தவன், "இல்ல, சார்கிட்ட பேசிக்கிறோம்" என்று முடித்தான். விபத்தான வண்டியைப் பெயின்ட் அடித்து நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் மச்சானிடம் சொன்னேன்.

"ஏளா, நீ பொறந்த ஒடனே ஒன் உம்மாவையே ஒரு தினுசா முறைச்சிப் பாத்திருப்பே" என்றார் அவர்.

உண்மைதான். நான் சந்தேகப் பிராணி. பால்காரர் முதல் பேத்தாலஜி லேப் வரை யாரையும் சும்மா நம்ப மாட்டேன். அந்தச் சமயம் லேப் மீதும் எனக்குப் பெரிய சந்தேகம் இருந்தது. உம்மாவின் ரத்தத்தில் பொட்டாசியம் மூன்று வாரமாக ஏறிக்கொண்டே வந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டியது, கடைசியாகப் பார்த்தபோது ஆறைத் தாண்டிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் ஒரு நாள் இதயம் நின்றுவிடும், வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். என்ன கொடுக்கிறேன்! இளநீர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, கருப்பட்டி கிடையாது. காய்கறியை நறுக்கி இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன். குடிக்கும் தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். உம்மாவின் அலமாரி, தலையணைக்கு அடி, அஞ்சறைப் பெட்டி எல்லாம் வாரம் ஒருமுறை என் சோதனைக்கு உட்பட்டவை. அப்படியும் ஏறுகிறது என்றால் லேப்தான் தப்பு என்று வேறு லேபுக்கு மாறினேன். அவர்களும் ஆறு என்றார்கள்.

ஆக, ஒரு பக்கம் உம்மாவின் ரத்தம், ஒரு பக்கம் இந்தக் கார். இரண்டிலும் எங்கோ ஓட்டை, எங்கே என்று தெரியவில்லை. மச்சான் சவூதிக்குத் திரும்ப ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் காரை ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்து, நம்ப முடியாதென்றால் விற்றுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். தனியாக உம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது முன்னீர்பள்ளம் ரோட்டில் இது நின்றுவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவது? உம்மாவும் வருகிறேன் என்றாள். புது வண்டியில் பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய் துஆ கேட்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், உம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

காலை ஏழே காலுக்குப் பத்தமடையிலிருந்து கிளம்பினோம். சார்ஜ் எழுபத்தொரு சதவீதம். நான் ஓட்ட, பக்கத்தில் உம்மா, பின்னால் மச்சான். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் மேகத்துக்குள் பாதி மறைந்த மலை. இந்த ரோடு நன்றாக இருக்கிறது, வீரவநல்லூருக்குள் மட்டும் காலையில் நெரிசல், பைய போக வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடைப் பலகைகள் வரிசையாக வந்தன. உம்மா ஒவ்வொன்றையும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அப்பளத்தில் உப்பு, அதனால் அதுவும் கிடையாது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

அங்கேயே வைப்பர் தானாக ஓட ஆரம்பித்தது. ஒரு சொட்டு மழை இல்லை. காய்ந்த கண்ணாடியில் கர்ரக் கர்ரக்கென்று தேய்த்தது. நிறுத்தும் பொத்தானை அமுக்கினால் இன்னும் வேகமாக ஓடியது. ஆற்றுப் பாலத்தில் தாமிரபரணியைப் பார்க்கச் சொல்லி மச்சான் கையைக் காட்டினார். நான் வைப்பரைத்தான் பார்த்தேன்.

எட்டு மணிக்கு அம்பை, அதாவது அம்பாசமுத்திரம், வீட்டிலிருந்து சரியாக இருபது கிலோமீட்டர். இங்கே மெயின் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வேகமான சார்ஜர் இருக்கிறது. யூனிட்டுக்கு இருபது ரூபாய், முப்பத்தைந்து நிமிடத்தில் பத்து யூனிட் ஏற்றினோம், இருநூறு ரூபாய். போன் செயலியில் முன்கூட்டிப் பணம் போட்டு வைத்திருக்க வேண்டும், அங்கே போய்ப் போட்டால் நெட் கிடைக்காது. கடையில் இட்லி நன்றாக இருந்தது, சாம்பார் சுமார், கழிப்பறை சுத்தம். உம்மாவுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த உப்பில்லாத தோசை.

நான் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது மச்சான் காரின் முன்பக்க மூடியைப் பாதி தூக்கிப் பிடித்துக் குனிந்திருந்தார். இந்தக் காருக்கு முன்னால் என்ஜின் கிடையாது. அந்த இடத்தில் சாமான் வைக்கச் சின்னதாக ஒரு பெட்டி, அதில் வீட்டில் சார்ஜ் போடும் கேபிள் கிடக்கும். அது கனமான சாமான், அதனால் அந்தப் பெட்டி மச்சானின் பொறுப்பு, நான் திறந்ததே இல்லை.

"என்ன எடுக்கிய?" என்றேன்.

"கேபிள் சரியா இருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லி மூடியை அமுக்கினார். சார்ஜருக்குச் சொந்தக் கேபிள் இருக்கும்போது இவர் எதற்கு நம் கேபிளைப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. அன்றைக்கு என் சந்தேகம் முழுக்கக் கம்பெனிக்காரன் மேல் இருந்ததால் வீட்டு ஆளுக்கு மிச்சம் இல்லை.

அம்பையிலிருந்து பொட்டல்புதூர் பதினான்கு கிலோமீட்டர், ஆழ்வார்குறிச்சி வழி. ஞாயிறு காலை கூட்டம் அதிகமில்லை, காரை வாசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்த முடிந்தது. உம்மா அரைமணி நேரம் துஆ கேட்டாள். எனக்கு மச்சான் பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும், உம்மாவின் பொட்டாசியம் இறங்க வேண்டும், திரை அணையக் கூடாது என்று மூன்று வேண்டுதல். வெளியே வந்து ஸ்டார்ட் செய்தபோது திரை வந்தது. பத்து நிமிடம் கழித்துப் போனது.

மறுபடி அம்பை வந்து, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். மொத்தம் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். அருவிக்கு மேலே ஏறவில்லை. உம்மாவால் நடக்க முடியாது, என்னால் இந்தக் காரை நம்பி மலையேற முடியாது. கோவிலுக்கு எதிரே, ஆற்றுப் படித்துறைக்கு மேலே மரத்தடியில் நிறுத்தினோம். நிறுத்தக் கட்டணம் ஐம்பது ரூபாய். ஏசியை ஓடவிட்டு உம்மாவை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு, கால் நனைக்க நான் படியிறங்கினேன். மச்சான் டீ குடிக்கப் போனார். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது, குளிர்ச்சி எலும்பு வரை ஏறியது. ஒரு கால்மணி நேரம் எல்லாக் கவலையும் விட்டுப்போயிருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் கரண்டைக் காலை நனைத்துக்கொண்டே மேலே நிற்கும் காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்தபோதுதான் கார் மூடியின் மேல் குரங்குகளைக் கண்டேன். ஒன்று, இரண்டு, ஐந்து. படியேறி ஓடினேன்.

கார் செத்திருந்தது. ஏசி இல்லை, திரை இல்லை, கண்ணாடி இறங்கவில்லை. பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் உம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் வேர்வை. உள்ளிருந்து கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் குரங்குக்குப் பயந்து திறக்கவில்லை. நான் குடையை வீசிக் குரங்குகளை விரட்டி, உம்மாவைக் கண்ணாடி வழியாகச் சைகை காட்டித் திறக்கச் சொல்லி, கையைப் பிடித்து இறக்கி மரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"தண்ணி" என்றாள். பாட்டிலில் அன்றைய கோட்டுக்கு மேல் இரண்டு மடக்குதான் பாக்கி. கொடுத்தேன். இன்னும் கேட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ், அதுவரை தாங்க வேண்டும். கையை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன்.

சர்வீஸ் எண்ணுக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை, இழுத்துக்கொண்டு போகும் வண்டி திருநெல்வேலியிலிருந்து வர நான்கு மணி நேரம் ஆகும் என்று ஒரு பெண் மிக மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. மச்சான் அதற்குள் ஓடிவந்துவிட்டார்.

பக்கத்தில் வள்ளியூரிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த வேன் ஒன்று நின்றது. அதன் டிரைவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பாய், எலட்ரிக் வண்டியா? சைனா பேட்டரியா இருக்கும், வெயிலுக்குத் தாங்காது. எங்க மச்சினன் ஸ்கூட்டர் இப்படித்தான் ஊதிப் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு எங்கள் காரின் மூக்கைப் பார்த்தார். விரட்டிய குரங்குகள் மறுபடி வந்து மூடியின் இடுக்கில் விரலை விட்டு நோண்டிக்கொண்டிருந்தன. ஒன்று விரலை நக்கியது. அங்கே பத்துப் பதினைந்து கார்கள் நின்றன. மற்ற எந்தக் காரின் மேலும் குரங்கு இல்லை.

"ஆமா, உள்ள திங்கதுக்கு என்னவே வச்சிருக்கீரு?" என்றார் டிரைவர்.

"ஒண்ணும் இல்ல. கேபிள்தான் கெடக்கு" என்றார் மச்சான்.

"கேபிளைக் கொரங்கு நக்குமா, பாய்?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் உம்மாவைப் பார்த்தார். உம்மா ஆற்றைப் பார்த்தாள்.

"தொறங்க" என்றேன்.

"ஏளா, இப்பம் அதுக்கு என்ன..."

"தொறங்க மச்சான்."

டிரைவர் தடியை எடுத்துக் குரங்குகளை ஓட்டினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு லீவர், அதை இழுத்தால் முன்மூடி விடுபடும், அதற்குக் கரண்ட் தேவையில்லை. மூடியைத் தூக்கியதும் வாசனை முகத்தில் அடித்தது. கேபிளுக்கு அடியில் ஒரு ஓலைப்பெட்டி. உடன்குடிக் கருப்பட்டி, பாதிக்கு மேல் காலி. மிச்சம் சாரல் ஈரத்திலும் வெயிலிலும் கசிந்து, பாகாக ஓடி, காரின் சாமான் பெட்டியில் இருக்கும் அடித்துளை வழியாகக் கீழே இறங்கியிருந்தது. கீழே என்ன இருக்கிறது? திரை, பூட்டு, வைப்பர் எல்லாவற்றையும் எழுப்பிவிடும் சின்ன பேட்டரி. அதன் முனையில் கறுப்பாகப் பாகு. பக்கத்து வயர்ப் பிளக்குக்குள் எறும்பு, ஆயிரக்கணக்கில். டிரைவர் பிளக்கைப் பிடுங்கித் தட்டியதும் ஒரு கைப்பிடி எறும்பு கொட்டியது.

"அடப்பாவி" என்றார் டிரைவர், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

கார் வந்த முதல் வாரம், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்கத் திருச்செந்தூர் வரை போய்வருகிறேன் என்று மச்சான் தனியாகக் கிளம்பிப் போன நாள் என் ஞாபகத்துக்கு வந்தது. திருச்செந்தூர் தாண்டினால் உடன்குடி. டயாலிசிஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் கேபிள், கேபிள் என்று இவர் அந்த மூடியைத் தூக்கியது ஞாபகத்துக்கு வந்தது. ஆறு என்று சொன்ன இரண்டு லேபும் ஞாபகத்துக்கு வந்தன.

"உங்களுக்கு அவுங்க சாவணுமா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன், படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மாமி கேட்டாவ. ஒரு சின்னத் துண்டுதான்... ஒரு துண்டு என்ன செய்யப்போவுதுன்னு..." என்றார் மச்சான்.

"அவுகள ஏன் வையுத? கேட்டது நான்" என்றாள் உம்மா பெஞ்சிலிருந்து. "வீட்டுல வச்சா நீ மோப்பம் புடிச்சிருவே. அதான் அங்கன வைக்கச் சொன்னேன். அப்பப்பம் ஒரு துண்ட வாங்கி முந்தானையில முடிஞ்சி வச்சிக்குவேன்."

"உம்மா, டாக்டர் சொன்னது கேக்கலியா? இதயம் நின்னுரும்னாரு. இந்த நாக்கு ருசிக்கா?"

"ருசியா?" உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏளா, நீ கோடு போட்டுத் தார தண்ணி மாத்திரை முழுங்கவே சரியாப் போவுது. ராத்திரி நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டுப் பிரிய மாட்டேங்கு. ஒரு தூளு கருப்பட்டிய ஒதுக்கி வச்சா எச்சி ஊறும், எச்சி ஊறுனாத் தண்ணி கேக்காது. ஒங்கிட்டத் தண்ணிக்குக் கெஞ்சக் கூடாதுன்னுதான் அதைத் தின்னேன்."

எனக்கு அழுகை வந்தது. அது கோபத்தில் வந்த அழுகை என்று அப்போது நினைத்தேன். ஒன்றரை வருடமாக உம்மாவின் காலில் வீக்கம் இருக்கிறதா என்று தினமும் அமுக்கிப் பார்த்தவள் நான். எடை பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், தலையணைக்கு அடியில் பார்த்தேன். வாய் காய்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டபோதெல்லாம் பாட்டிலைத் தூக்கிக் கோட்டைத்தான் காட்டியிருக்கிறேன்.

டிரைவர் நல்ல மனிதர், நாங்கள் அழுது முடிக்கும்வரை எறும்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். குடிநீர் பாட்டில் ஒன்றை ஊற்றிப் பாகைக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் அரைமணி நேரம் காயவிட்டார். பிறகு தன் வேனிலிருந்து ஜம்பர் கேபிள் கொண்டுவந்து சின்ன பேட்டரியில் மாட்டினார். திரை கண் விழித்தது. ஓலைப்பெட்டியை என்ன செய்வது என்று கேட்டார். மச்சான் அதைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனார், தொட்டி வரை போவதற்குள் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. டிரைவர் பணம் வாங்க மறுத்தார். "சைனா பேட்டரிதான், மாத்திருங்க" என்று மட்டும் மறுபடி சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றே முக்காலுக்குக் கிளம்பி, வேறு எங்கும் நிற்காமல், முப்பது கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் ஓட்டி வீடு வந்தேன். திரை ஒரு தடவைகூட அணையவில்லை.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உம்மாவைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னிடம், வாய் காய்வதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். தண்ணீர்க் கணக்குக்குள்ளேயே ஒன்றிரண்டு ஐஸ்கட்டி, அல்லது வாயில் ஒரு கிராம்பு, அதில் தப்பில்லை என்றார். உம்மா கிராம்பைத் தேர்ந்தெடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை நானே காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். போனில் பேசிய பையன் என் எதிரே நெளிந்தான். பிளக்கையும் கொஞ்சம் வயரையும் மாற்ற மூவாயிரத்து நானூறு ரூபாய், வாரண்டியில் வராது என்றான். முதல் தடவை வண்டி வந்தபோதே ஓலைப்பெட்டியைப் பார்த்துவிட்டார்களாம். "எடுத்துருங்கன்னு சார்கிட்ட சொன்னோம் மேடம். சார்தான் மேடத்துக்குத் தெரிய வேணாம்னு..." ஆக, இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று நான் சொன்னது சரி. அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி கிடைத்தது என்பதையும் ஒளிக்க வேண்டாம். மச்சானோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினேன், ஊருக்குப் போகிறவரை எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருப்பது?

இனி, போகிறவர்களுக்கு. எண்பத்தெட்டு கிலோமீட்டர் சுற்றுக்கு முழு சார்ஜோடு கிளம்பினால் இடையில் ஏற்றவே தேவையில்லை, நாங்கள் ஏற்றியது என் பயத்தினால். அம்பையைத் தாண்டினால் சார்ஜரை நம்பாதீர்கள். மணிமுத்தாறு, மாஞ்சோலைப் பக்கம் நினைப்பு இருந்தால் வனத்துறை அன்றைக்கு விடுகிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பாபநாசத்தில் காருக்குள் ஆளை விட்டுவிட்டு யாரும் நகராதீர்கள், வயதானவர்களை நிச்சயமாக விடாதீர்கள். உள்ளே இருப்பவருக்குக் கதவைக் கையால் திறக்கத் தெரியுமா என்று முன்பே ஒரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஜம்பர் கேபிள் எண்ணூறு ரூபாய், வாங்கி வையுங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன பேட்டரி படுத்தால் கார் படுத்துவிடும். திரை அணைந்தால் உடனே கம்பெனியைத் திட்டுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் திட்டிக்கொண்டே முன்பெட்டியையும் திறந்து பாருங்கள். காரை நான் விற்கவில்லை.

மச்சான் போய் ஆறு வாரம் ஆகிறது. திங்களும் வியாழனும் விடிகாலை ஆறு மணிக்கு உம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்காரவைக்கிறேன். பிறகு முன்மூடியைத் தூக்கிப் பெட்டியைப் பார்க்கிறேன். விரலால் தடவி, ஒட்டுகிறதா என்று பார்க்கிறேன், கேபிளைப் புரட்டிப் பார்க்கிறேன். மூடி தூக்கியிருக்கும்போது உள்ளே இருக்கும் உம்மாவின் முகம் எனக்குத் தெரியாது, நான் செய்வதும் அவளுக்குத் தெரியாது. போன வியாழன் பார்த்து முடித்து மூடியை இறக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் உம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வாரப் பொட்டாசியம் ஐந்துக்குள் இருந்தது. நான் ஏறி உட்கார்ந்து, அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். வாயில் இருப்பது கிராம்புதானே என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

"உம்மா, பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

உம்மா வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.